கடினமான உரையாடல்களைக் கையாளும் திறன்

க.பொ.த. (சாதாரண தரம்) – குடியியற் கல்வி
"முரண்பாடு தீர்த்தல்" பகுதிக்கான துணைப்பாடமும் மாதிரி வினாவிடையும்



முரண்பாடு தீர்த்தல் என்னும் பகுதியைப் பலர் வரைவிலக்கணங்களை மனனம் செய்துகொண்டே கடந்து விடுகின்றனர். "முரண்பாடு என்றால் என்ன?" என்று கேட்டால் தடையின்றி எழுதுவார்கள். ஒரு சம்பவத்தைத் தந்து, "இவ்விடத்தில் நீர் என்ன கூறுவீர்?" என்று கேட்டால், "சமாதானமாகப் பேசித் தீர்க்க வேண்டும்" என்ற ஒரே வரியுடன் நிறுத்தி விடுவார்கள். எப்படிப் பேசுவது என்பதுதான் வினா. அதற்கு விடை தெரியாதபோது பரீட்சையில் சில புள்ளிகளே குறையும். வாழ்க்கையில் ஒரு நண்பனை இழக்க நேரிடலாம். சிலவேளை ஒரு வருடப் படிப்பையே இழக்க நேரிடலாம்.

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• ஓர் உரையாடல் ஏன் கடினமாகிறது என்பதை விளக்குவீர்கள்.
• நிலைப்பாட்டையும் தேவையையும் வேறுபடுத்திக் காட்டுவீர்கள்.
• கடினமான ஓர் உரையாடலைப் படிமுறையாக நடத்துவீர்கள்.
• தனியே கையாளக்கூடாத சந்தர்ப்பங்களை இனங்காண்பீர்கள்.

1. கடினமான உரையாடல் என்பது யாது?

கூறியே ஆக வேண்டிய ஒரு விடயத்தை, கூறினால் உறவு கெடுமோ, தண்டனை கிடைக்குமோ, அவமானம் ஏற்படுமோ என்ற அச்சத்துடன் கூறும் உரையாடலே கடினமான உரையாடல் ஆகும். குறைந்த புள்ளி பெற்றதை வீட்டில் தெரிவித்தல், இரவல் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டல், நண்பன் செய்த தவறை அவனிடமே எடுத்துக் கூறல், உயர்தரத்தில் பெற்றோர் விரும்பும் துறையை விட வேறொரு துறையை விரும்புவதாகச் சொல்லுதல் என்பன உங்களுக்குத் தெரிந்த உதாரணங்கள்.

இவ்வாறான உரையாடலைக் கடினமாக்கும் காரணிகள் மூன்று.

(அ) விடயம்: என்ன நடந்தது என்பது பற்றி இருவருக்கும் இரு வேறு கருத்து இருத்தல்.
(ஆ) மனவெழுச்சி: கோபம், பயம், வெட்கம் ஆகியன விடயத்தை மறைத்து விடுதல்.
(இ) தன்மதிப்பு: "நான் பிழையான ஆள் என்று சொல்கிறார்களே" என்ற எண்ணம் எழுதல்.

மூன்றாவது காரணியே பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. "இந்தக் கணக்குப் பிழை" என்றால் திருத்துகிறோம். "நீ ஒரு மொக்கு" என்றால் கணக்கை விட்டு விட்டுச் சண்டைக்குப் போகிறோம். ஆகவே இப்பாடத்தின் மையக் கருத்து இதுதான்: ஆளைப் பேசாது விடயத்தைப் பேசுக.

2. முரண்பாட்டின்போது மனிதர் நடந்துகொள்ளும் முறைகள்

கென்னத் தோமஸ், ரால்ப் கில்மன் ஆகிய இரு அமெரிக்க அறிஞர்கள் 1974 இல் வெளியிட்ட வகைப்படுத்தலின்படி இவை ஐந்து ஆகும். உங்கள் வரலாற்றுக் கொப்பியை நண்பன் ஒருவன் வாங்கிச் சென்று, பரீட்சை நெருங்கியும் திருப்பித் தரவில்லை எனக் கொள்வோம்.

(அ) தவிர்த்தல் – ஒன்றும் கேளாமல் வேறொருவரின் கொப்பியைப் பார்த்து எழுதுதல்.
(ஆ) இணங்கிப் போதல் – "பரவாயில்லை, நீயே வைச்சிரு" என விட்டு விடல்.
(இ) போட்டியிடல் – எல்லோர் முன்னிலையிலும் அவனை ஏசிக் கொப்பியைப் பறித்தல்.
(ஈ) சமரசம் – ஆளுக்கு ஒருநாள் என்று பங்கிட்டுக் கொள்ளல்.
(உ) ஒத்துழைத்தல் – ஏன் தரவில்லை எனக் கேட்டறிந்து, இருவரது தேவையும் நிறைவேறும் வழியைத் தேடுதல். (உ-ம்: அவனுக்கு வேண்டிய பக்கங்களைப் போட்டோப் பிரதி எடுத்துவிட்டுக் கொப்பியைப் பெறல்.)

இவற்றுள் எதுவும் எப்போதுமே பிழையானது என எழுதி விடாதீர்கள். கடுங் கோபத்தில் நிற்பவரிடம் அவ்வேளையில் பேசாது தவிர்ப்பது புத்திசாலித்தனம். மறுநாளும் அடுத்த கிழமையும் தவிர்த்துக் கொண்டே போவது பிரச்சினையை வளர்க்கும். உறவு நீடிக்க வேண்டிய இடங்களில் மிகப் பொருத்தமானது ஒத்துழைத்தல் ஆகும். "வெற்றி – வெற்றி" முறை எனப் பரீட்சையில் எதிர்பார்க்கப்படுவதும் இதுவே.

3. நிலைப்பாடும் தேவையும்

ஒருவர் வாயால் கேட்பது நிலைப்பாடு. அதை ஏன் கேட்கிறார் என்பது தேவை. பின்வரும் உதாரணத்தை நோக்குக.

இரண்டு வீட்டாருக்கு இடையே ஒரு கதியால் வேலி. இம்முறை வேலி அடைத்தபோது ஒருவர் ஓரடி தள்ளிக் கதியால் நட்டு விட்டார் என்பது மற்றவரின் முறைப்பாடு. "கதியாலைப் பிடுங்கு" என்பது ஒரு நிலைப்பாடு. "பிடுங்க மாட்டேன்" என்பது மற்றைய நிலைப்பாடு. இந்த அளவிலே பேசினால் வருடக்கணக்கில் பேசலாம். ஒருவரோடு ஒருவர் முகம் பாராமலும் வாழலாம்.

ஏன் என்று கேட்டால் வேறு செய்தி வரும். முதலாமவர் அக்காணியை மகளுக்குச் சீதனமாக எழுத இருக்கிறார். உறுதியில் உள்ள அளவு குறையக்கூடாது. இரண்டாமவரின் தோட்டத்துக்குள் ஆடு புகுந்து பயிரைத் தின்கிறது. அடைப்பு இறுக்கமாக இருக்க வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் ஒன்றோடொன்று மோதவில்லை. நில அளவையாளரைக் கொண்டு எல்லையை அளந்து, செலவைப் பகிர்ந்து, சரியான எல்லையில் வேலியை நெருக்கமாக அடைத்தால் இருவருக்கும் போதுமானது.

நினைவிற் கொள்க: நிலைப்பாடுகள் மோதும் இடங்களில் தேவைகளும் மோதும் என்பது நிச்சயமில்லை. "ஏன்?" என்று கேட்ட பின்னரே அதைத் தீர்மானிக்கலாம்.

4. ஒரு சம்பவம் – இரண்டு உரையாடல்கள்

தரம் 11 இல் பயிலும் மாணவி ஒருவர் இரண்டாம் தவணைப் பரீட்சையில் கணிதத்தில் 34 புள்ளிகள் பெற்றார். சாதாரண சித்திக்குரிய 35 இற்கு ஒரு புள்ளி குறைவு. தேர்ச்சி அறிக்கையில் தந்தையின் கையொப்பம் வேண்டும். ஒரு கிழமையாக அதை ஒளித்து வைத்திருந்தார். பின்னர் நடந்தது இது.

உரையாடல் 1

தந்தை: "றிப்போட் எங்கை? நாளைக்கு நாளைக்கு எண்டு ஒரு கிழமை போச்சு."
மகள்: "எப்ப பாத்தாலும் என்னைத்தான் பேசுறியள். தம்பியை ஒண்டும் கேக்கிறேல்லை."
தந்தை: "மாதா மாதம் ரியூசனுக்குக் காசு கட்டுறது நான். உனக்கு வாய்தான் நீளுது."
மகள்: "அப்ப நான் ரியூசனுக்குப் போகேல்லை. விடுங்கோ!"

நான்கு கூற்றுகளில் தம்பி வந்தார், காசு வந்தது, வாய் வந்தது. கணிதம் வரவேயில்லை. அறிக்கையும் ஒப்பமின்றியே கிடந்தது.

உரையாடல் 2 (அதே சம்பவத்தை மாணவி ஆயத்தத்துடன் தொடங்கியிருந்தால்)

மகள்: "அப்பா, சாப்பிட்டாப் பிறகு உங்களோடை ஒரு விஷயம் கதைக்கோணும். சொல்லக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு."
தந்தை: "என்ன பிள்ளை?"
மகள்: "கணக்குக்கு 34 தான் வந்திருக்கு. றிப்போட் போன கிழமையே தந்திட்டினம். நான்தான் ஒளிச்சு வைச்சிட்டன். அது என்ரை பிழை."
தந்தை: "முப்பத்தி நாலோ? இவ்வளவு காசு கட்டிப் படிப்பிக்கிறன்..."
மகள்: "நீங்கள் கஷ்டப்பட்டுத்தான் கட்டுறியள் எண்டு தெரியும் அப்பா. கோவம் வரும்தான். எனக்குப் பத்தாம் வகுப்பிலேயே அட்சரகணிதம் விளங்கேல்லை. ரியூசனிலை நிறையப் பேர். எழும்பிக் கேக்க வெக்கமா இருந்தது."
தந்தை: (சிறிது நேரம் பேசாதிருந்து) "இப்ப என்ன செய்யப் போறாய்?"
மகள்: "பள்ளிக்கூடத்திலை கணக்கு ரீச்சர் பின்னேரம் நிண்டு சொல்லித் தாறன் எண்டவ. செவ்வாயும் வியாழனும் நிக்கட்டோ? வர ஒரு மணித்தியாலம் பிந்தும்."
தந்தை: "இருட்டுப்படத் தனிய வராதை. நான் வந்து கூட்டிக்கொண்டு வாறன். பேனையை எடு."

தந்தை சிரிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. அவருடைய கவலை தீர்ந்துவிட்டது என்றும் கூற முடியாது. ஆனால் கணிதத்துக்கு ஒரு வழி பிறந்தது. கடினமான உரையாடலில் நாம் எதிர்பார்க்க வேண்டியது இந்த அளவுதான்.

5. படிமுறைகள்

உரையாடல் 2 இல் மாணவி செய்தவற்றை வரிசைப்படுத்தினால் ஆறு படிமுறைகள் கிடைக்கும்.

படி 1 – ஆயத்தம்: எனக்கு என்ன வேண்டும்? அவருக்கு என்ன கவலை? இவ்விரு கேள்விகளுக்கும் ஒவ்வொரு வரியில் விடை எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிடின் நீங்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை.

படி 2 – நேரமும் இடமும்: களைத்து வந்தவரிடம் வாசலில் வைத்துக் கேட்காதீர்கள். பிறர் முன்னிலையிலும் கேட்காதீர்கள். தொலைபேசியில் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சண்டையைத் தொடராதீர்கள். எழுத்தில் குரலும் முகமும் இல்லாதபடியால், சாதாரணமாக எழுதியதும் ஏளனமாக வாசிக்கப்படலாம்.

படி 3 – முதல் வசனம்: நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் கூறுங்கள். உங்கள் பங்கில் தவறு இருப்பின் அதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். பிறர் கண்டுபிடித்துக் கூறும்வரை காத்திருந்தால் அதே உண்மை குற்றச்சாட்டாக மாறி விடும்.

படி 4 – செவிமடுத்தல்: மற்றவர் பேசும்போது உங்கள் பதிலை மனதுக்குள் தயாரிக்காதீர்கள். அவர் கூறியதை உங்கள் சொற்களில் திருப்பிக் கூறுங்கள். "நீங்கள் கஷ்டப்பட்டுத்தான் கட்டுறியள் எண்டு தெரியும்" என்ற கூற்று அத்தகையது. உணர்வை ஏற்றுக்கொள்வது, அவர் சொல்வதை எல்லாம் ஒப்புக்கொள்வது ஆகாது.

படி 5 – தேவையைக் கூறல்: "நீ" என்று தொடங்கும் குற்றச்சாட்டைத் தவிர்த்து, "நான்" என்று தொடங்கும் கூற்றைப் பயன்படுத்துங்கள். இம்முறையைப் பரவலாக அறியச் செய்தவர் அமெரிக்க உளவியலாளர் தோமஸ் கோர்டன் ஆவார்.

நீ கூற்று: "நீ எப்பவும் பிந்தித்தான் வருவாய். உனக்கு மற்றவையைப் பற்றிக் கவலையில்லை."
நான் கூற்று: "நீ பிந்தி வாற நாளிலை நான் தனிய ரோட்டிலை நிக்க வேண்டியிருக்கு. எனக்குப் பயமா இருக்கு. பிந்திறதெண்டால் முதலே சொல்லு."

நான் கூற்றில் நான்கு பகுதிகள் உள்ளன: நடந்த செயல், அதனால் ஏற்பட்ட விளைவு, எனது உணர்வு, எனது வேண்டுகோள். "எப்பவும்", "ஒருநாளும்" ஆகிய சொற்களைத் தவிர்த்துக் கொள்ளுங்கள். அச்சொற்களைக் கேட்டவுடன் மற்றவர் விதிவிலக்கான ஒரு நாளைத் தேட ஆரம்பித்து விடுவார்.

படி 6 – உடன்பாடு: யார், எதை, எப்போது செய்வது என்ற அளவுக்குத் தெளிவாக முடியுங்கள். "இனி நல்லாப் படிக்கிறன்" என்பது உடன்பாடு அன்று. "செவ்வாயும் வியாழனும்" என்பதே உடன்பாடு.

6. எனது அனுபவம் ஒன்று

இப்படிமுறைகளை எழுதும் நானும் ஒருமுறை இவற்றைத் தவறவிட்டவன். கற்பிக்கத் தொடங்கிய முதல் வருடத்தில், மூன்று மாதக் கட்டணம் செலுத்தாத ஒரு மாணவனை வகுப்பின் நடுவே எழுப்பிக் கேட்டேன். "நாளைக்குக் கொண்டு வாறன் சேர்" என்றான். அதன்பின் அவன் வரவில்லை. இரண்டு கிழமை கழித்து வீடு தேடிச் சென்றேன். தகப்பனார் நோய்வாய்ப்பட்டுத் தொழிலுக்குப் போகாமல் இருந்தார். மாணவன் ஒரு சைக்கிள் திருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். காசு வேண்டாம், வகுப்புக்கு வா என்று அழைத்தேன். தலையாட்டினான், வரவில்லை. அந்த வருடம் அவன் பரீட்சை எழுதவும் இல்லை.

நான் கேட்ட விடயம் பிழையானதன்று. கேட்ட இடம் பிழை. அவனைத் தனியே அழைத்து, "வீட்டிலை ஏதும் கஷ்டமோ தம்பி?" என்று கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். படி 2 ஐ விடையில் எழுத மறந்தால் ஒரு புள்ளிதான் குறையும். வகுப்பறையில் அதை மறந்ததற்கு நான் கொடுத்த விலை அதைவிடக் கூடியது. அவன் கொடுத்தது என்னிலும் கூடியது.

7. எமது மரபிலும் சட்டத்திலும்

திருக்குறளில் இதற்கு இரண்டு அதிகாரங்கள் உள்ளன. "இனியவை கூறல்" (அதிகாரம் 10) அறத்துப்பாலில் இல்லறவியலில் வருகிறது. "சொல்வன்மை" (அதிகாரம் 65) பொருட்பாலில், அமைச்சருக்கு வேண்டிய தகுதிகளுள் ஒன்றாக வருகிறது. ஆகவே, இனிமையும் வேண்டும், திறமையும் வேண்டும். பேச்சு வீட்டுக்கும் உரியது, அரசுக்கும் உரியது.

உலக சுகாதார ஸ்தாபனம் 1990 களில் பாடசாலைக் கல்விக்கென எடுத்துக் காட்டிய 10 வாழ்க்கைத் திறன்களுள் வினைத்திறனான தொடர்பாடல், ஆளிடைத் தொடர்பு, பிறர் நிலையை உணர்தல், மனவெழுச்சிகளைக் கையாளல் ஆகியன அடங்குகின்றன. இந்நான்கும் ஒரே உரையாடலில் ஒன்றாகச் சோதிக்கப்படுகின்றன.

இருவரும் பேசித் தீர்க்க முடியாதபோது மூன்றாமவரின் உதவி தேவைப்படும். இதற்காக இலங்கையில் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் அமைக்கப்பட்டன. மேலே கூறிய வேலிப் பிரச்சினை போன்றவை இச்சபைக்குச் செல்லக் கூடியவை. இதன் பிரதான இயல்புகள்:

• ஒவ்வொரு தரப்பினரும் மத்தியஸ்தர் குழாமில் இருந்து ஒருவரைத் தெரிவு செய்வர். அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராகத் தெரிவு செய்வர்.
• மத்தியஸ்தர்கள் தீர்ப்பு வழங்குவதில்லை. இரு தரப்பினரும் தாமாகவே இணக்கத்துக்கு வர உதவுவர்.
• சட்டத்தரணிகள் தரப்பினர் சார்பில் தோன்ற முடியாது. பிரச்சினைக்குரியவர்களே பேச வேண்டும்.
• இணக்கம் ஏற்பட்டால் அதற்கான சான்றிதழ் வழங்கப்படும். ஏற்படாவிடின் அதைக் குறிக்கும் சான்றிதழைப் பெற்று நீதிமன்றம் செல்லலாம்.

நீதிபதி போலத் தீர்ப்புக் கூறுவது மத்தியஸ்தரின் பணி அன்று என்பதைக் கவனிக்குக. பரீட்சையில் அடிக்கடி பிழை விடும் இடம் இது.

8. தனியே கையாளக்கூடாத உரையாடல்கள்

எல்லா விடயங்களையும் இனிமையாகப் பேசித் தீர்க்க வேண்டும் என்று இப்பாடம் கூறவில்லை. ஒருவர் உங்களை அடித்தாலோ, உடலைத் தொட்டுத் துன்புறுத்தினாலோ, படம் எடுத்து வைத்து மிரட்டினாலோ அது முரண்பாடு அன்று; குற்றம். அங்கே சமரசம் இல்லை. "நான் கூற்று" கூறி அவரைத் திருத்துவது உங்கள் பொறுப்பும் அன்று. அவரைத் தனியே சந்திக்கவும் வேண்டாம். உங்களுக்கு நம்பிக்கையான ஆசிரியர், பெற்றோர் அல்லது உறவினரிடம் உடனே கூறுங்கள். முதலாமவர் நம்பாவிடின் இரண்டாமவரிடம் கூறுங்கள். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு நீங்களாகவே அழைக்கலாம்.

9. மாதிரி வினா

"தரம் 11 மாணவர் இருவர் சேர்ந்து ஒரு செயற்றிட்டத்தைச் செய்தனர். ஒருவர் தனது பங்கை முடிக்கவில்லை. மற்றவர் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவரைச் சோம்பேறி எனத் திட்டினார். இருவரும் இப்போது பேசுவதில்லை. செயற்றிட்டத்தை ஒப்படைக்க ஐந்து நாட்களே உள்ளன."

(அ) இவ்வுரையாடல் தோல்வியடைந்தமைக்கு இரண்டு காரணங்கள் தருக. (2 புள்ளிகள்)
(ஆ) திட்டிய மாணவர் கூறியிருக்க வேண்டிய "நான் கூற்று" ஒன்றை எழுதுக. (2 புள்ளிகள்)
(இ) இருவரதும் நிலைப்பாட்டுக்குப் பின்னால் இருக்கக்கூடிய தேவைகளை விளக்குக. (3 புள்ளிகள்)
(ஈ) ஐந்து நாட்களுக்குள் நடைமுறைப்படுத்தக்கூடிய உடன்பாடு ஒன்றை முன்வைக்குக. (3 புள்ளிகள்)

விடைக் குறிப்பு

(அ) பிறர் முன்னிலையில் பேசியமை. செயலை விட்டு ஆளை விமர்சித்தமை. ("கோபம் கொண்டமை" என்று மட்டும் எழுதினால் போதாது. கோபம் இயல்பானது, அதை வெளிப்படுத்திய முறையே பிழை.)
(ஆ) "உனது பகுதி கிடைக்காததால் எனது பகுதியையும் முடிக்க முடியவில்லை. ஒப்படைக்கப் பிந்திவிடுமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. நாளைக்குள் எவ்வளவு செய்ய முடியும் என்று சொல்." (செயல், விளைவு, உணர்வு, வேண்டுகோள் ஆகிய நான்கும் இருத்தல் வேண்டும்.)
(இ) திட்டியவருக்கு உரிய நேரத்தில் ஒப்படைக்கும் தேவை உண்டு. முடிக்காதவருக்கு விளக்கமின்மை, வீட்டு வேலை, நோய் போன்ற தடை இருந்திருக்கலாம். தன்மதிப்பைக் காத்துக்கொள்ளும் தேவையும் உண்டு.
(ஈ) திட்டியமைக்காக முதல் மாணவர் மன்னிப்புக் கோரல். முடியாத பகுதியை இரண்டாகப் பிரித்தல். இரண்டு நாட்களில் தகவல் சேகரித்தல், அடுத்த இரண்டு நாட்களில் எழுதுதல், கடைசி நாளில் இருவரும் சேர்ந்து சரிபார்த்தல். பெயரும் நாளும் குறிப்பிடப்படாத உடன்பாட்டுக்கு முழுப் புள்ளி கிடையாது.

10. வீட்டுப் பயிற்சி

நீங்கள் பல நாட்களாகப் பின்போட்டு வரும் உரையாடல் ஒன்று இருக்கும். யாருடன், எதைப் பற்றி என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். படி 1 இல் உள்ள இரு கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். அதன்கீழ் உங்கள் முதல் வசனத்தை எழுதி, இரண்டு தடவை உரத்து வாசியுங்கள். இத்தாளை என்னிடம் காட்ட வேண்டியதில்லை. இதற்குப் புள்ளியும் இல்லை. அந்த முதல் வசனத்தை இந்தக் கிழமைக்குள் உரியவரிடம் கூறி விடுங்கள்.

பரீட்சையிலும் அதற்கு அப்பாலும் வெற்றி பெற வாழ்த்துகிறேன்.